நடை சாத்தாத கோயில்

எங்கள் சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் நடையை வாரத்தில் திங்கள், வெள்ளி என்ற இரண்டு தினங்களில்தான் திறப்பார்கள். சில விசேஷ காலங்கள் மட்டும் விலக்கு. மற்ற நாட்களில் அம்மன் அருகிலுள்ள பெரியசாமி மலைக்குச் சென்று விடுகிறாள் என்பது ஐதிகம். தெய்வத்துக்கே வாரத்தில் ஐந்து நாள் ஓய்வு கிடைக்கிறது. ஆனால் நமது மார்புக் கூட்டுக்குள் முஷ்டியளவே உள்ள ஒரு கோயில் இருக்கிறது. தாயின் வயிற்றில் நாம் சில வாரக் கருவாக இருந்தபோது அதன் நடை திறந்தது. அதற்குப் பிறகு ஒரு நிமிஷங்கூட அதைச் சாத்துவதில்லை. சாத்தும் நாள் நம்முடைய கடைசி நாள்.

நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்பு ஆகிறது. எழுபது வருஷத்துக்குச் சுமார் 265 கோடி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இருதயம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தால் அளந்தால் சுமார் 480 குடம். இந்தக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, ஒரு பையன் எழுந்து நின்று, "அப்படியானால் எங்கள் தாத்தாவின் இருதயம் இத்தனை வருஷத்தில் தேய்ந்து போயிருக்காதா, ஸார்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. பெரியவர்கள் பலர் மனத்திலும் இதே எண்ணம் இருக்கிறது. கேள்வியாக இல்லை, தீர்மானமாகவே இருக்கிறது. இருதயம் என்பது வண்டிச் சக்கரத்தைப் போல் ஓட ஓடத் தேய்வது. ஆகையால் வயதான காலத்தில் அதை அதிகமாக ஓட்டாமல் ஓரமாக நிறுத்தி வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது அவர்கள் அபிப்பிராயம். இந்த அபிப்பிராயம் எவ்வளவு தூரம் சரி என்பதை இந்த வாரம் ஆராய்ந்து பார்ப்போம்.

முதுமை செய்யும் வேலை

வயது இருதயத்தை ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்ல முடியாது. முதலில் மாறுவது இருதயமல்ல; இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாய்கள். இளமையில் அவை புது ரப்பர்க் குழாய் போல் இருக்கின்றன. இருதயம் ரத்தத்தை வேகமாகத் தள்ளும்போது விரிந்து இடங்கொடுக்கின்றன; அடுத்த கணத்தில் சுருங்கி, ரத்தத்தை முன்னுக்கு அனுப்புகின்றன. வயதாக ஆக, அந்தக் குழாயின் சுவரிலுள்ள நெகிழ்ச்சியான இழைகள் சிதைந்து, விறைப்பான இழைகள் அதிகமாகின்றன. வெயிலில் கிடந்த குழாயைப் போல் அது கெட்டியாகிவிடுகிறது. விரிந்து கொடுக்காத குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ள இருதயம் அதிக பலத்தைப் பிரயோகிக்க வேண்டியிருக்கிறது. வயதானவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் மாத்திரம் ஏறிக்கொண்டே போவதற்கு இதுவே முக்கியமான காரணம்.

அதிக பாரம் சுமக்கும் தசை தடிப்பது இயற்கை. ரத்தத்தை உடலெங்கும் அனுப்பும் இடது கீழறையின் சுவர் நாளடைவில் தடிக்கிறது. தடித்த சுவர், சுருங்குவதில் அவ்வளவு பின்வாங்குவதில்லை. தளர்ந்து விரிவதில்தான் மந்தமாகிறது. இது நம் பக்கத்து விவசாயிகளுக்குச் சுலபமாக விளங்கும். மோட்டார் வராத காலத்தில் பெரம்பலூர்ப் பக்கத்து ஆழ்ந்த கிணறுகளில் கவலை இறைத்தார்கள். கவலையின் தோற்பை பதமாக இருந்தால் தண்ணீரில் இறங்கியதும் நன்றாக விரிந்து நிறையும். தோல் காய்ந்து விறைத்துப் போனால், மாடுகள் எவ்வளவு பலமாக இழுத்தாலும் மேலே வருவது அரைப் பை தண்ணீர்தான். முதிர்ந்த இருதயத்தின் கஷ்டமும் இதுவே. இருபது வயதில் ரத்தம் உள்ளே பாயும் ஆரம்ப வேகம் எண்பது வயதில் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. குறைந்ததை ஈடுசெய்ய மேலறை சற்று அதிகமாக அழுத்தி ரத்தத்தை உள்ளே தள்ளுகிறது. இதனால் மேலறையும் நாளடைவில் பெருக்கிறது. சிலருக்கு நாடி தாளந் தப்பி ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது.

மூன்றாவது மாறுதல் தாளத்தில் ஏற்படுவது. இருதயத்தின் வலது மேலறையில், துடிப்பைத் தொடங்கி வைக்கும் உயிரணுக் கூட்டம் ஒன்று உண்டு. வயதில் அதன் பெரும்பகுதி குறைந்துவிடுகிறது. தவிர, அவசர காலத்தில் இருதயத்தை விரட்டும் அட்ரினலின் என்ற சுரப்பின் அதட்டலுக்கு முதிய இருதயம் முன்போல் செவிசாய்ப்பதில்லை. ஆகவே ஒருவருடைய இருதயம் எட்டக்கூடிய உச்ச வேகம் வருஷா வருஷம் இறங்குகிறது. 220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது அந்த உச்ச வேகம் என்று தோராயமாகச் சொல்வார்கள். இருபது வயதில் 200, அறுபதில் 160. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் பெரியவர்களுக்குத் தலை சுற்றுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. எழுந்தவுடன் ரத்தம் கால்களில் தங்கிவிடாதபடி காக்கும் ஏற்பாடு அவர்களுக்கு ஒரு கணம் தாமதித்து வேலை செய்கிறது.

இவ்வளவும் இருந்தும், நோயில்லாத முதியவரின் இருதயம் ஓய்வாக இருக்கும்போது இளைஞனுடைய இருதயத்தைப் போலவே தேவையான ரத்தத்தை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. குறைந்திருப்பது அன்றாடச் செலவுக்கான பணமல்ல. ஆபத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சேமிப்பு. மாடிப்படி ஏறும்போதும், பஸ்ஸைப் பிடிக்க விரையும்போதும், ஜுரம் வந்து படுக்கும்போதும்தான் அந்தச் சேமிப்பின் குறைவு தெரிகிறது. அப்படியானால், சேமிப்பு குறைந்தது வயதினாலா, அல்லது வேலை செய்யாமல் இருந்ததனாலா?

ஐந்து இளைஞர்கள்

இந்தக் கேள்விக்கு விசித்திரமான முறையில் விடை கிடைத்தது. 1966-ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள டல்லாஸ் நகரில் இருபது வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து வாலிபர்களை மூன்று வார காலம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று கிடத்தினார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு பார்த்தால், அவர்களுடைய உடல் உழைப்பின்போது பிராணவாயுவை உபயோகிக்கும் சக்தி நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது.

அதோடு கதை முடியவில்லை. முப்பது வருஷங் கழித்து, 1996-ல், அதே ஐந்து பேரையும் மறுபடி வரவழைத்துப் பரிசோதித்தார்கள். இப்போது அவர்களுக்கு ஐம்பது வயது. உடல் பருத்து, நடுவயதுக் குடும்பஸ்தர்களாக இருந்தார்கள். முப்பது வருஷ வாழ்க்கை அவர்களுடைய சக்தியைக் குறைத்த அளவு, இருபதாவது வயதில் மூன்று வாரப் படுக்கை குறைத்ததில் பாதிகூட இல்லை! பிறகு அவர்களுக்கு ஆறு மாத காலம் நடை, மெதுவான ஓட்டம், சைக்கிள் என்று படிப்படியாகத் தேகாப்பியாசம் கொடுத்தார்கள். முப்பது வருஷத்தில் இழந்ததை ஆறே மாதத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

ஐந்து பேர் என்பது சிறிய தொகைதான். ஆனால் இதில் அடங்கியிருக்கும் பாடம் பெரியது. முதுமை என்று நாம் பெயர் சூட்டியிருப்பதில் ஒரு பகுதி முதுமையே அல்ல. அது உட்கார்ந்திருந்ததன் பலன்.

ஆயிரமாயிரம் பேரை வைத்துப் பார்த்த விடை அதற்கு முன்பே லண்டன் நகரில் கிடைத்திருந்தது. அங்கே இரண்டு தட்டுள்ள பஸ்களில் டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே கம்பெனி, ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே சம்பளம். ஜெரமி மாரிஸ் என்ற வைத்தியர் 1953-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இருதய நோய் டிரைவர்களுக்கு அதிகமாகவும் கண்டக்டர்களுக்குக் குறைவாகவும் வருவதைக் காட்டினார். ஆபீஸில் உட்கார்ந்து எழுதும் தபால் குமாஸ்தாவையும் தெருத்தெருவாய் நடக்கும் தபால்காரரையும் ஒப்பிட்டபோதும் விஷயம் அப்படியே இருந்தது. தாம் கண்டுபிடித்ததைத் தாமே அனுசரித்த மாரிஸ், 2009-ல் காலமானபோது அவருக்கு வயது 99.

1930-ல் நடந்த நடை

அன்னிய தேசத்து உதாரணங்களே போதாது. 1930-ஆம் வருஷம் மார்ச் 12-ந் தேதி சபர்மதி ஆசிரமத்திலிருந்து தண்டிக்குப் புறப்பட்டபோது மகாத்மா காந்திக்கு வயது அறுபது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்திருந்தால் பென்ஷன் வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் படுத்திருக்கும் பிராயம். அவர் 24 நாட்களில் சுமார் 240 மைல் நடந்தார். அடுத்த மாதம் 13-ந் தேதி நம் திருச்சியில், டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் அவர்களின் வீட்டிலிருந்து, ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். சித்திரை வெயிலில் 150 மைல். ராஜாஜிக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று. மெலிந்த தேகம். அவர் 1972 டிசம்பர் வரையில், தொண்ணூற்று நான்கு வயது வாழ்ந்தார்.

இதைப் படித்துவிட்டு, "நடந்தால் போதும், ரத்த அழுத்தமே வராது" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2019-ல் வெளியிட்ட காந்திஜியின் ஆரோக்கியத்தைப் பற்றிய தொகுப்பில், வாழ்நாளெல்லாம் மைல் கணக்காக நடந்த அந்த மனிதருக்கு 1940-ல் ரத்த அழுத்தம் 220/110 என்ற அளவில் இருந்தது பதிவாகியிருக்கிறது. உப்பு, புகை, கொழுப்பு எதுவும் அதிகமில்லாத, நூறு ராத்தலுக்குச் சற்றே மேற்பட்ட எடையுள்ள உடம்பு அது. ஆகவே நடப்பவர்களும் அழுத்தத்தை அளந்து பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். தேகாப்பியாசம் வைத்தியத்துக்குத் துணை. வைத்தியத்துக்குப் பதில் அல்ல.

எப்போது ஆரம்பிப்பது?

இந்தக் கட்டுரையில் நாற்பது வயதைத் தாண்டிய வாசகர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். என் பிராயத்தவர்களுக்காகவே இதைத் தனியாகச் சொல்கிறேன்.

டல்லாஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்களே 2018-ல் மற்றொரு முடிவை வெளியிட்டார்கள். 45 முதல் 64 வயது வரையுள்ள, உட்கார்ந்தே பழகிய ஐம்பத்து மூன்று பேர் அந்த ஆராய்ச்சியை முடித்தார்கள். ஒரு பகுதியார் இரண்டு வருஷம் வாரத்தில் நான்கைந்து நாள் தேகாப்பியாசம் செய்தார்கள். அதில் சில நாள் நன்றாக மூச்சு வாங்கும்படியும் செய்தார்கள். இரண்டு வருஷ முடிவில், விறைத்துக்கொண்டிருந்த அவர்களுடைய இடது கீழறை சுமார் கால் பங்கு நெகிழ்ச்சி அடைந்திருந்தது. காய்ந்த தோற்பை மறுபடியும் பதமாகிவிட்டது! இன்னொரு பகுதியார் யோகாசனம், உடல் நிலைப்புக்கான பயிற்சி முதலியவற்றைச் செய்தார்கள். அவர்களுடைய இருதயத்தின் விறைப்பு மாறவில்லை.

இதே ஆராய்ச்சியாளர்கள் முன்பு அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருஷம் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெம்பு கூடியது. நடக்கும் சக்தி வளர்ந்தது. ஆனால் இருதயச் சுவரின் விறைப்பு மட்டும் இளகவில்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அறுபத்தைந்துக்கு மேல் ஆரம்பித்தாலும் பலன் உண்டு. தசைகளுக்கு உண்டு, ரத்தக் குழாய்களுக்கு உண்டு, சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் உண்டு. ஆனால் இருதயத்தையே இளக்குவதற்கு உகந்த காலம் நாற்பதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடையில் இருக்கிறது. அந்தக் காலத்தில்தான் நாம் பெண்ணின் கல்யாணம், பையனின் காலேஜ் சம்பளம், வீட்டுக் கடன் என்று ஓடிக்கொண்டிருக்கிறோம். "ரிடையர் ஆன பிறகு நடக்க ஆரம்பிக்கலாம்" என்று ஒத்திப் போடுகிறோம். ரிடையர் ஆகும் வரையில் இருதயம் காத்திருப்பதில்லை.

துடிப்புக் கணக்கு

"ஒவ்வொருவனுக்கும் இத்தனை துடிப்பு என்று எழுதி வைத்திருக்கிறது. வேகமாக நடந்தால் அது சீக்கிரம் தீர்ந்துவிடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். விதியைப் பற்றி நான் தர்க்கிக்கப் போவதில்லை. அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அரை மணி நேரம் நடக்கும்போது நாடி 72-லிருந்து 110 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதிகச் செலவு 1,140 துடிப்பு. தினந்தோறும் பழகியவனுக்கு ஓய்வு நேரத்து நாடி மெள்ள இறங்குகிறது. நிமிஷத்துக்கு ஐந்து துடிப்பு குறைந்தால் போதும். மிச்சமுள்ள இருபத்து மூன்றரை மணி நேரத்தில் 7,050 துடிப்பு மிச்சம். கஞ்சனும் சந்தோஷப்படக்கூடிய வியாபாரம் அல்லவா?

அது மட்டுமல்ல. இருதயம் ஓய்வே எடுப்பதில்லை என்று ஆரம்பத்தில் சொன்னது முற்றிலும் சரியன்று. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலுள்ள அரை விநாடி அதற்கு ஓய்வு. தன்னுடைய சொந்த ஆகாரமான ரத்தத்தை இடது கீழறைத் தசை பெரும்பாலும் அந்த அரை விநாடியில்தான் பெறுகிறது. நாடி நிதானமானால் அந்த ஓய்வு நீளுகிறது. நடக்கும்போது வேறு சில நன்மைகளும் நடைபெறுகின்றன. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, கீழே தேங்கும் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பி, இரண்டாவது இருதயம் போல் உதவுகிறது. ரத்தம் வேகமாக ஓடும்போது குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சிறிதளவு வெளிவிட்டு, குழாயை இளகச் செய்கிறது. கை கால் தசைகள், கிடைத்த பிராணவாயுவைச் சிக்கனமாக உபயோகிக்கக் கற்றுக்கொள்கின்றன. இருதயத்தின் சுமையில் ஒரு பங்கை உடம்பு முழுவதும் பகிர்ந்துகொள்கிறது.

அன்பு செய்யும் அபகாரம்

நம் வீடுகளில் பெரியவர்களிடம் நாம் காட்டும் அன்பு சில சமயம் அவர்களுக்குக் கெடுதலாக முடிகிறது. "நீங்கள் எதற்கு அப்பா கடைக்குப் போகிறீர்கள்? உட்காருங்கள்." "அம்மா, அந்தக் குடத்தை வையுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்." மரியாதையான வார்த்தைகள்தான். ஆனால் இப்படி ஒவ்வொரு வேலையாகக் கையிலிருந்து பிடுங்கி, ஒரு வருஷத்தில் அவர்களை நாற்காலியோடு நாற்காலியாக ஆக்கிவிடுகிறோம். டல்லாஸில் மூன்று வாரத்தில் இருபது வயதுப் பையன்களுக்கு நேர்ந்தது, எழுபது வயதுத் தகப்பனாருக்கு நேராமல் இருக்குமா?

ஸ்திரீகள் விஷயம் இன்னும் கவனிக்கத் தக்கது. எங்கள் கோயிலில் மாவிளக்கு போடுகிறவர்கள் அங்கேயே உரலில் அரிசியை இடித்து மாவாக்குவது வழக்கம். திங்கட்கிழமைகளில் போனால் காணலாம்: அறுபது எழுபது வயது மூதாட்டிகள் கைக்குக் கை உலக்கையை மாற்றிப் போட்டுத் தாளம் தப்பாமல் இடிப்பார்கள், கூட வந்த பேத்தி பத்து உலக்கை போட்டதும் மூச்சு வாங்கி நிற்பாள். பழைய உழைப்புக்குத் திரும்பிப் போங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. உரலும் அம்மியும் எத்தனை தாய்மார்களின் இடுப்பை ஒடித்தன என்பது தெரியும். யந்திரங்கள் வந்தது நல்லதே. ஆனால் யந்திரம் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தில் அரை மணியை அவர்களுடைய உடம்புக்கென்று விட்டுக் கொடுக்கும் வீடுகள் எத்தனை? தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 54 பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று கண்டார்கள். விளையாட்டாகவோ பயிற்சியாகவோ உடலை அசைத்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

நம் நாட்டுப் பெண்மணிகளிலேயே நல்ல வழிகாட்டிகள் இருந்திருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்தில் 1920-ல் பிறந்த நானம்மாள், தொண்ணூறு வயதுக்கு மேலும் கோயமுத்தூரில் யோகாசனம் கற்பித்தார். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2019-ல் காலமானார். மேட்டுப்பாளையத்தையடுத்த தேக்கம்பட்டிப் பாப்பம்மாள், நூறு வயதுக்கு மேலும் தம் நிலத்தில் வேலை செய்தவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்று, 2024-ல் மறைந்தார். பர்மாவில் பிறந்து, 1942-ல் யுத்தத்தினால் இந்தியா வந்து சேர்ந்த டாக்டர் பத்மாவதி, நம் தேசத்து இருதய வைத்தியத்துக்கே தாயாக விளங்கினார். முதிய வயதிலும் நீச்சலை விடாத அவர் 2020-ல் காலமானபோது வயது 103. இவர்களைப் போல் எல்லோரும் நூறு வயது இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. நீண்ட ஆயுளுக்குப் பரம்பரையும் அதிர்ஷ்டமும் காரணமாகலாம். ஆனால் இருந்த காலம் வரையில் பிறர் கையை எதிர்பாராமல் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் வேண்டுவதும் அதைத்தானே?

செய்யும் முறை

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வகுத்த விதிப்படி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உழைப்பு வேண்டும். தினம் அரை மணியாக ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம். மிதமானது எது என்று அறிய யந்திரம் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவருடன் பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் நடை போதாது. பேச முடியாவிட்டால் நடை அதிகம். அரட்டையடித்துக்கொண்டு மெதுவாக உலாவுவது மனத்துக்கு நல்லது. இருதயத்துக்கு அவ்வளவாகக் காணாது.

வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் வேலை வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவதே ஆரம்பத்துக்குப் போதும். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள், விழாமல் நிற்பதற்கான பயிற்சியும் வாரம் மூன்று நாள் செய்ய வேண்டும். யோகாசனத்தின் அருமை அங்கேதான். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மாதக் கணக்காகப் படுக்கை. படுக்கை இருதயத்தை என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம்.

எதையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். முதல் வாரம் பத்து நிமிஷம். வாரத்துக்கு ஐந்து நிமிஷமாக ஏற்றுங்கள். புறப்பட்டதும் ஐந்து நிமிஷம் மெதுவாக நடந்து, முடிக்கும்போதும் அப்படியே மெதுவாக்கி நிறுத்துங்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம். பெரம்பலூர்ச் சீமையின் பங்குனி, சித்திரை வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் வேண்டவே வேண்டாம். வெப்பத்தைத் தணிக்கத் தோலுக்கு ரத்தம் அனுப்புவதே அப்போது இருதயத்துக்கு ஒரு தனி வேலையாகிவிடுகிறது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பே வந்த மார்பு வலி, புகைப் பழக்கம் இவற்றுள் ஏதேனும் உள்ளவர்கள் வைத்தியரைக் கண்ட பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். நாடியை மெதுவாக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு 220-லிருந்து கழிக்கும் கணக்கு பொருந்தாது. நடக்கும்போது மார்பின் நடுவில் அழுத்துவது போன்ற வலி வந்து, நின்றதும் நின்றுவிட்டால், அதை அலட்சியம் செய்யக் கூடாது. நிற்காத வலி இடது கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவி, வேர்த்துக் கொட்டினால் அது "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக்கொண்டிருக்கும் நேரமல்ல. வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் அசதியும் மட்டுமே வருவதும் உண்டு. உடனே 108 வண்டியைக் கூப்பிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் "இதயம் காப்போம்" திட்டம் 2023-ல் நம் மாகாணத்தில் தொடங்கப்பட்டது. வீடு தேடி வந்து அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து தரும் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021-லேயே வந்துவிட்டது. அளந்து பார்க்கப் பணமில்லை, தூரம் அதிகம் என்ற சாக்கு இனிச் செல்லாது.

எங்கே நடப்பது?

கடைசியாக ஒரு விஷயம். நடங்கள் என்று எழுதுவது சுலபம். நடப்பதற்கு இடம் எங்கே? எங்கள் ஊரை ஒட்டிச் சென்னை-திருச்சி நெடுஞ்சாலை போகிறது. விடியற்காலை இருட்டில் லாரிகளும் பஸ்களும் பறக்கும் அதன் ஓரத்தில், துண்டைப் போர்த்திக்கொண்டு பெரியவர்கள் சிலர் நடப்பதைப் பார்க்கும்போது நமக்கே இருதயம் படபடக்கிறது. எண்பத்தொன்பதாவது வயதில் முதல் மாரத்தான் ஓடி உலகத்தை வியக்க வைத்த பஞ்சாபியர் பௌஜா சிங்குக்கு, குடும்பத்தார் கணக்குப்படி 114 வயதிலும் இருதயம் நிற்கவில்லை. 2025 ஜூலையில் ஜலந்தருக்கு அருகே தம் சொந்தக் கிராமத்தில் சாலையைக் கடக்கும்போது ஒரு மோட்டார் வண்டி மோதித்தான் அவர் இறந்தார்.

மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கும் "நடப்போம் நலம் பெறுவோம்" என்ற திட்டம் 2023 நவம்பரில் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால், கிராமத்திலுள்ள பாட்டிமார் அங்கே போய்ச் சேருவதற்கே பஸ் ஏற வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது. காலை ஐந்தரை மணி முதல் ஏழரை வரையில் அது சும்மாதான் கிடக்கிறது. ஊராட்சியும் பள்ளி நிர்வாகமும் பெற்றோர்களும் கூடிப் பேசி, ஒரு விளக்கும் ஒரு காவலாளும் ஏற்பாடு செய்து, அந்த இரண்டு மணி நேரம் மைதானத்தின் கதவைத் திறந்து வைத்தால் என்ன? ஐந்நூறு பிள்ளைகள் ஓடியாடும் தரையில், காலையில் அவர்களுடைய தாத்தா பாட்டிகளும், அவர்களைவிட முக்கியமாக அவர்களுடைய தாய் தந்தையரும் நடக்கட்டும். லாரி பயமில்லை, பெண்களுக்குத் துணை உண்டு, வெயிலுக்கு முன் வீடு திரும்பிவிடலாம். இதற்குச் சர்க்கார் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரார் மனம் வைத்தால் வருகிற மாதமே நடக்கக்கூடியது.

பெண்கள் தனியாக நடப்பதற்கு ஊர் என்ன சொல்லுமோ என்று தயங்கும் வீடுகளில், கணவனும் மனைவியுமாகப் புறப்படலாம். மாமியாரும் மருமகளுமாகப் புறப்படலாம். பேசிக்கொண்டே போகும்படியான நடைதான் சரியான நடை என்று வைத்தியர்களே சொல்லிவிட்டபடியால், விஷயத்துக்கும் பஞ்சமிருக்காது.